உக்ரைனின் பழைய அஞ்சலட்டைகளும் அவற்றில் வாழ்ந்த கவிதையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு அஞ்சலட்டையில் போய் தேசிய அடையாளத்தைத் தேடலாமா?

உக்ரைன் விஷயத்தில் தாராளமாகத் தேடலாம். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பெயரில் ஒரு நாடே வரைபடத்தில் கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசிடம் இருந்தது. மேற்கே கலீசியாவும் புகோவினாவும் ஆஸ்திரியாவின் கையில். சொந்த அரசு இல்லை, நாணயம் இல்லை, அஞ்சல்தலை இல்லை. ரஷ்யப் பக்கத்தில் தாய்மொழியில் பள்ளிக்கூடமும் இல்லை. ஒரு மக்கள் கூட்டம் "நாங்கள் இன்னார்" என்று சொல்லிக்கொள்ள வழக்கமாகப் பயன்படும் எதுவுமே அவர்களிடம் இல்லாத நேரம் அது.

இருந்தவை பாட்டும் கவிதையும். அவற்றை மலிவாக அச்சடித்து, ஊர் ஊராக அனுப்பி, வீட்டுச் சுவரில் செருகிவைக்கக் கிடைத்த பொருள் பட அஞ்சலட்டை. அதனால்தான் பழைய உக்ரைனியக் கார்டுகளில் படத்துக்குக் கீழே இத்தனை கவிதை வரிகள். படத்தை மட்டும் பார்த்து ரசித்துவிட்டுப் போகிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தக் கார்டுகள் எந்தக் காலத்தைச் சேர்ந்தவை?

உலகின் முதல் அஞ்சலட்டையை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரி வெளியிட்டது. ரஷ்யப் பேரரசு 1872-இல் தொடங்கியது. அப்போதெல்லாம் படம் கிடையாது. ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி. தனியார் கார்டு அச்சிட ரஷ்யாவில் 1894-இல்தான் அனுமதி வந்தது. பட அட்டையின் பொற்காலம் அதிலிருந்து முதல் உலகப் போர் வரை. பிறகு 1917 முதல் 1921 வரையிலான சுதந்திர முயற்சி, சோவியத் காலம், புலம்பெயர்ந்தவர்களின் அச்சகங்கள் என்று கதை நீள்கிறது.

உக்ரைனிய மொழிக்கே தடை இருந்ததாமே? பிறகு எப்படி அச்சிட்டார்கள்?

தடை இருந்தது, கடுமையாகவே இருந்தது. 1863-இல் உள்துறை அமைச்சர் வலூயெவ் ஒரு சுற்றறிக்கை மூலம் உக்ரைனிய மொழியில் பாடநூல்களையும் மதநூல்களையும் நிறுத்தினார். 1876-இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் ஜெர்மனியின் எம்ஸ் என்ற ஊரில் ஓய்வில் இருந்தபோது கையெழுத்திட்ட ஆணை இன்னும் மோசம். உக்ரைனிய நூல்களை வெளிநாட்டிலிருந்து அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாது, மேடையில் நாடகம் கூடாது, இசைக்குறிப்புக்குக் கீழே பாட்டின் வரிகளைக்கூட அச்சிடக் கூடாது. கதை, கவிதைக்கு மட்டும் சிறு விலக்கு. அதையும் ரஷ்ய எழுத்துமுறையில்தான் எழுத வேண்டும், தணிக்கையைத் தாண்ட வேண்டும்.

அஞ்சலட்டை இந்தத் தடைக்குள் ஏதோ மந்திரம்போல் தப்பிவிடவில்லை. ரஷ்யப் பேரரசின் பழைய கார்டுகளின் ஓரத்தில் "தணிக்கை அனுமதித்தது" என்று பொடி எழுத்தில் ஊர்ப் பெயரும் தேதியும் போட்டிருப்பதைப் பார்க்கலாம். 1905-க்கு முன் கீவில் வெளியான கார்டுகளில் பெரும்பாலும் ரஷ்யத் தலைப்புதான். 1905 புரட்சிக்குப் பிறகு பிடி தளர்ந்தது. அதற்கப்புறம்தான் உக்ரைனிய வரிகளுடன் கார்டுகள் மளமளவென்று வரத் தொடங்கின. ஒரு தலைமுறை முழுக்க அடைத்துவைத்ததைத் திறந்துவிட்டால் எப்படிப் பாயுமோ, அந்த வேகம் 1906 முதல் 1914 வரையிலான கார்டுகளில் தெரிகிறது.

எங்கே பார்த்தாலும் ஷெவ்சென்கோ முகம்தானே. அவர் யார்?

தாராஸ் ஷெவ்சென்கோ 1814-இல் மொரின்த்சி என்ற ஊரில் பண்ணையடிமையாகப் பிறந்தார். எஜமானோடு வீட்டு வேலைக்காரனாகப் பீட்டர்ஸ்பர்க் போனார். அங்கே அவருடைய ஓவியத் திறமையைக் கண்ட கலைஞர்கள் ஒரு வழி செய்தார்கள். புகழ்பெற்ற ஓவியர் பிரியுல்லோவ், கவிஞர் ஜுகோவ்ஸ்கியின் உருவப்படத்தை வரைந்தார். அதைக் குலுக்கலில் விட்டு வந்த 2,500 ரூபிளை எஜமானிடம் கொடுத்து 1838-இல் அவரை விடுவித்தார்கள். இரண்டே ஆண்டில், 1840-இல், "கோப்ஸார்" என்ற சிறு கவிதைத் தொகுப்பு வந்தது. மொத்தம் எட்டுக் கவிதைகள்.

கோப்ஸார் என்றால் ஊர் ஊராகப் போய் நரம்பிசைக் கருவியை மீட்டிப் பழைய வீரக்கதைகளைப் பாடும் பாடகர். பெரும்பாலும் கண் தெரியாதவர். நூலின் முகப்பில் ஷ்தெர்ன்பெர்க் என்ற நண்பர் வரைந்த படத்திலும் ஒரு கிழப்பாடகரும் வழிகாட்டும் சிறுவனும் இருக்கிறார்கள். அந்த இருவரும் பிற்காலக் கார்டுகளில் எத்தனையோ ஓவியர்களின் கையில் மறுபடி மறுபடி வந்துவிட்டார்கள்.

1847-இல் அவரைக் கைதுசெய்து சாதாரணச் சிப்பாயாகக் காஸ்பியன் பக்கம் நாடுகடத்தினார்கள். எழுதவும் வரையவும் தடை. பத்தாண்டுக்குப் பிறகுதான் விடுதலை. 1861-இல், 47 வயதில் இறந்தார்.

கார்டுகளில் அவர் முகம் இரண்டு விதமாக வரும். ஒன்று 1840-இல் அவரே தீட்டிய சுயசித்திரம்: இளைஞன், கலைந்த முடி, ஒளிரும் கண். மற்றது 1859-இல் எடுத்த புகைப்படத்தை ஒட்டியது: உயர்ந்த மென்மயிர்த் தொப்பி, ஆட்டுத்தோல் கோட்டு, தொங்கும் மீசை. இரண்டுக்கும் நடுவே 19 ஆண்டுகள்தான். ஆனால் இரண்டாவது படத்தில் இருப்பவர் கிழவர். மக்கள் அதிகம் விரும்பி வாங்கியது இந்த இரண்டாவதைத்தான். நாடுகடத்தல் ஒரு மனிதனை என்ன செய்தது என்பதை அந்த முகமே சொல்லிவிடுகிறது.

கவிதையோடு வரும் கார்டுகளில் எதை முதலில் பார்க்கலாம்?

"கதெரீனா"வைச் சொல்வேன். ரஷ்யச் சிப்பாயை நம்பி ஏமாந்த கிராமத்துப் பெண்ணின் கதை. 1838-இல் கவிதையாக எழுதிய ஷெவ்சென்கோ, 1842-இல் அதையே எண்ணெய் வண்ண ஓவியமாகவும் தீட்டினார். அஞ்சலட்டையாகத் திரும்பத் திரும்ப அச்சான படம் இது. கார்டு கிடைத்தால் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். நடுவில் வெறுங்காலுடன் கதெரீனா, கண்கள் கீழே, கை சிவப்பு முன்துணியைச் சற்றுத் தூக்கிப் பிடித்திருக்கிறது. அவள் கர்ப்பிணி. ஒரு பக்கம் குடிசை நிழலில் உட்கார்ந்து மரக்கரண்டி செதுக்கும் ஒருவர் அவளையே துக்கத்தோடு பார்க்கிறார். மறுபக்கம் சிப்பாய் குதிரையில் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறான். அவனைப் பார்த்து ஒரு நாய்க்குட்டி குரைக்கிறது. தூரத்தில் ஒரு மேடும் காற்றாலையும். உக்ரைனை ஏமாற்றிவிட்டுப் போகிற பேரரசை இந்தப் பெண்ணின் கதையில் கண்டவர்கள் பலர். தணிக்கைக்காரருக்கு இது ஒரு காதல் சோகம். வாங்கியவருக்கு அதைவிட அதிகம்.

அடுத்து "வீட்டருகே செர்ரித் தோப்பு" என்று தொடங்கும் சிறு கவிதை. மரங்களில் வண்டுகள் ரீங்கரிக்கின்றன, உழவர்கள் ஏரோடு திரும்புகிறார்கள், பெண்கள் பாடிக்கொண்டே வருகிறார்கள், தாய்மார் இரவு உணவோடு காத்திருக்கிறார்கள். இவ்வளவுதான் கவிதை. வெள்ளையடித்த மண்வீடு, பூத்த மரம், வாசலில் மேசை என்று இதை வரையாத ஓவியர் இல்லை. வெறும் கிராமத்து அழகு என்று நினைத்துக் கடந்துவிடாதீர்கள். இதை ஷெவ்சென்கோ 1847-இல் பீட்டர்ஸ்பர்க் சிறை அறையில், தீர்ப்புக்குக் காத்திருந்தபோது எழுதினார். அது தெரிந்தபின் அந்தக் கார்டுகளின் அமைதி வேறு மாதிரி தெரியும்.

கானிவ் கல்லறைக் கார்டுகள் ஏன் இத்தனை?

1845 டிசம்பரில், கடும் காய்ச்சலில் கிடந்தபோது, ஷெவ்சென்கோ "உயில்" என்ற கவிதையை எழுதினார். நான் இறந்தால் பரந்த புல்வெளி நடுவே, அன்பு உக்ரைனில், ஒரு மேட்டில் என்னைப் புதையுங்கள். அங்கிருந்து வயல்களும் நீப்பர் ஆறும் அதன் கரைச்சரிவுகளும் தெரிய வேண்டும், ஆறு முழங்குவது கேட்க வேண்டும் என்று கேட்கிறது அந்தக் கவிதை. இறந்ததும் பீட்டர்ஸ்பர்க்கில் அடக்கம் செய்த உடலை, 1861 மே மாதம் நண்பர்கள் தோண்டி எடுத்து, கானிவ் அருகே நீப்பர் கரைக் குன்றில் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் குன்றின் படமே கவிதை நிறைவேறியதற்குச் சாட்சி. மக்கள் கப்பலில் யாத்திரைபோல் வந்தார்கள். இவான் யாத்லொவ்ஸ்கி என்ற காவலர் பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து கல்லறையைப் பராமரித்தார்.

கார்டின் காலத்தைக் கண்டுபிடிக்கவும் இந்தக் குன்று உதவும். மேட்டின் மேல் பெரிய இரும்புச் சிலுவை நின்றால் அது 1884 முதல் 1923 வரையிலான காட்சி. சிலுவைக்குப் பதில் மார்பளவுச் சிலை என்றால் 1923-க்குப் பின். உயரமான பீடத்தில் முழு உருவ வெண்கலச் சிலை என்றால் 1939 அல்லது அதற்கு அப்புறம். மூன்று கார்டுகளை வரிசையாக வைத்தால் ஆட்சி மாறிய கதையும் வந்துவிடும்.

எம்பிராய்டரிச் சட்டை, மலர்க்கிரீடம் அணிந்த பெண்கள் படம் போட்ட கார்டுகள் எல்லாம் தேசிய உணர்வைக் காட்டுபவையா?

எல்லாம் இல்லை. இந்தக் கேள்வியில்தான் கவனம் வேண்டும். உக்ரைனைப் பேரரசு "சின்ன ரஷ்யா" என்றே அழைத்தது. அந்தக் காலத்தில் "சின்ன ரஷ்ய வகையினர்" என்ற தலைப்பில் ஏராளமான கார்டுகள் வந்தன. பேரரசின் விதவிதமான குடிகளைக் காட்சிப்பொருளாக அடுக்கிக் காட்டும் வரிசை அது. ஸ்டுடியோவில் நிற்கவைத்த பெண், பின்னால் திரைச்சீலை, பெயர் கிடையாது. பார்ப்பவருக்கு அவள் ஒரு "வகை", அவ்வளவே.

அதே உடையில் அதே பெண்ணை உக்ரைனிய ஓவியர் ஒருவர் வரைந்து, கீழே ஷெவ்சென்கோவின் நான்கு வரியைப் போட்டால் அவள் கதெரீனா ஆகிவிடுகிறாள், ஒரு கதைக்குச் சொந்தக்காரி ஆகிவிடுகிறாள். ஆகவே உடையை வைத்து முடிவுக்கு வராதீர்கள். தலைப்பு எந்த மொழி, பதிப்பித்தது யார், வரி இருக்கிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். கிராம வாழ்க்கையை நெருங்கிப் பார்த்து வரைந்த மிகோலா பிமொனென்கோ, நிலக்காட்சிகளுக்குப் பேர்போன செர்ஹி வசில்கிவ்ஸ்கி, கோப்ஸார்களைத் தேடிப் போய் அவர்கள் முகங்களை வரைந்துவைத்த ஓபனாஸ் ஸ்லாஸ்தியோன் ஆகியோரின் படங்கள் வந்த கார்டுகள் நல்ல தொடக்கம்.

நாட்டுப்பாடல் கார்டுகள் என்று ஒரு வரிசை உண்டாமே?

உண்டு. என்னைக் கேட்டால் உக்ரைனிய அஞ்சலட்டைக் கலையின் உச்சம் அதுதான். ஒதேசா ஓவியர் அம்ப்ரோசி ஜ்தாகா வரைந்தவை; கீவின் "சாஸ்" பதிப்பகம் 1911-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியிட்டது. ஒவ்வொரு கார்டும் ஒரு நாட்டுப்பாடல். பாட்டில் வரும் காட்சி ஒரு பக்கம், பாட்டின் வரிகள் இன்னொரு பக்கம், சுற்றிலும் நாட்டார் அலங்கார வேலைப்பாடு. காசாக் வீரன் விடைபெறுவது, கிணற்றடியில் சந்திப்பு, தாயின் ஒப்பாரி என்று போகும். உடையிலும் ஆயுதத்திலும் வீட்டுச் சாமான்களிலும் ஜ்தாகா காட்டிய கவனம் வியக்கவைக்கும். பாட்டு வரிகளை அச்சிடவே தடை இருந்த நாட்டில், அவற்றை அஞ்சல்காரர் கையாலேயே வீடு வீடாகக் கொண்டுசேர்த்த வரிசை இது.

மேற்கு உக்ரைனில் நிலைமை என்ன?

அங்கே மூச்சுவிட இடம் இருந்தது. ஆஸ்திரியாவின் அதிகாரபூர்வ அஞ்சலட்டைகளே கலீசியாவுக்காக ஜெர்மன், போலிஷ், உக்ரைனியம் மூன்றிலும் அச்சாயின. லிவிவிலும் கொலோமியாவிலும் உக்ரைனியப் பதிப்பாளர்கள் இயங்கினார்கள். கொலோமியாவின் யாகிவ் ஒரென்ஷ்தைன் ஒரு யூதர். உக்ரைனிய நூல்களையும் கார்டுகளையும் அழகாக அச்சிட்டு விற்றவர். கார்பாத்திய மலைவாசிகளான ஹுத்சுல் மக்களை வரைந்த யாரோஸ்லாவ் ப்ஸ்த்ராக்கின் படங்கள் கார்டுகளாக வெகுதூரம் பரவின.

கவிஞர் என்றால் இங்கே இவான் ஃபிராங்கோ. கொல்லன் மகன். 1878-இல் அவர் எழுதிய "கல்லுடைப்போர்" கவிதையில், ஒரு பாறையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் சம்மட்டியால் அதை உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். நமக்குப் பின் வருபவர்கள் நடக்க வழி வேண்டும் என்பதற்காக. கலீசியக் கார்டுகளில் மென்மையான கிராமக் காட்சியோடு இந்தச் சம்மட்டிக் குரலும் சேர்ந்து வருவதற்கு ஃபிராங்கோ முக்கியமான காரணம்.

பெண் கவிஞர்கள்?

லெஸ்யா உக்ரைன்கா. இயற்பெயர் லரீசா கொசாச். புனைபெயரிலேயே நாட்டைச் சூடிக்கொண்டவர். எலும்புக் காசநோயோடு வாழ்நாள் முழுக்கப் போராடி 1913-இல் ஜார்ஜியாவில் இறந்தார்.

1903-இல் பொல்தாவாவில் கவிஞர் கொத்லியாரெவ்ஸ்கியின் சிலையைத் திறந்தபோது லெஸ்யாவும் அவருடைய தாய் ஒலேனா ப்சில்காவும் மற்ற எழுத்தாளர்களும் கூடினார்கள். ஆஸ்திரியப் பகுதியிலிருந்து வந்த விருந்தினர் உக்ரைனிய மொழியில் பேசலாம், ரஷ்யப் பேரரசின் குடிமக்கள் பேசக் கூடாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். நவீன உக்ரைனிய இலக்கியத்தைத் தொடங்கிவைத்தவர் என்று கொண்டாடப்படுபவரின் சிலைக்கு முன்னாலேயே இப்படி. வழக்கறிஞர் மிஹ்னோவ்ஸ்கி, வாழ்த்துரை இல்லாத வெறும் உறையை மட்டும் மேடையில் கொடுத்துவிட்டு இறங்கினார். பொல்தாவா சிலைக் கார்டு கண்ணில் பட்டால் இந்தக் கதையோடு பாருங்கள்.

போரிலும் சுதந்திர முயற்சியிலும் கார்டுகளுக்கு என்ன பங்கு?

1914-இல் ஷெவ்சென்கோ நூற்றாண்டை ரஷ்ய அரசு தடைசெய்தது. கீவில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதே ஆண்டு போர் வெடித்தது. ஆஸ்திரியப் படையில் "சீச் துப்பாக்கி வீரர்கள்" என்ற உக்ரைனியத் தொண்டர் படை உருவானது. அதில் ஓவியர்களும் கவிஞர்களும் பாடகர்களும் இருந்தார்கள். இவான் இவானெத்ஸ், ஓசிப் குரிலாஸ் போன்றோர் போர்க்களக் காட்சிகளை வரைந்தார்கள். அந்தப் படையைப் பற்றிய கார்டுகளில் சிவந்த கலீனா பழக்கொத்து அடிக்கடி வரும். வீரர்கள் பாடிய பாட்டின் சின்னம் அது.

1917-க்குப் பிறகு உக்ரைனிய மக்கள் குடியரசு வந்தது, திரிசூலம் அரசுச் சின்னமானது, 1918 ஜூலையில் சொந்த அஞ்சல்தலைகள் வெளியாயின. ஹெயோர்ஹி நர்புத் வரைந்த 30 ஷாஹ் (அப்போதைய உக்ரைனியக் காசு) அஞ்சல்தலையில் ஒரு இளம்பெண்ணின் முகம் இருக்கும். கார்டில் இத்தனை காலம் கவிதையாக வந்த பெண் இப்போது அரசின் முத்திரையாகவே ஆகிவிட்டாள். சில ஆண்டுகளுக்கு மட்டும்தான், என்றாலும்.

சோவியத் காலத்தில் எல்லாம் நின்றுவிட்டதா?

நிற்கவில்லை, திசை மாறியது. ஷெவ்சென்கோவை அரசே ஏராளமாக அச்சிட்டது. ஆனால் அவர் அங்கே ஜமீன்தார்களை எதிர்த்த விவசாயப் புரட்சியாளர் மட்டும். "உயில்" கவிதையின் முடிவில் வரும் "சுதந்திரமான, புதிய பெரிய குடும்பம்" என்ற சொற்களைச் சோவியத் குடும்பத்தைப் பற்றிய தீர்க்கதரிசனம் என்று விளக்கினார்கள். எனக்கு இது கவிஞருக்குச் செய்த அநியாயமாகவே படுகிறது. அவருடைய உடல் கானிவுக்கு வந்த நாளான மே 22 அன்று கீவ் சிலையடியில் தாமாகக் கூடிக் கவிதை படித்தவர்களை 1960-களில் அதே அரசு துரத்தியது.

புலம்பெயர்ந்தவர்கள்?

கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளுக்குப் போனவர்கள் உள்நாட்டில் அச்சிட முடியாததை அச்சிட்டார்கள். முக்கியமாகக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் கார்டுகள். எட்வர்ட் கொஸாக், ஹலீனா மஸேபா ஆகியோர் வரைந்தவற்றில் பனி, நட்சத்திரம் ஏந்திப் பாடிவரும் சிறுவர்கள், வண்ணம் தீட்டிய முட்டைகள் எல்லாம் உண்டு. 1961-இல் வின்னிபெக்கிலும் 1964-இல் வாஷிங்டனிலும் எழுந்த ஷெவ்சென்கோ சிலைகளின் கார்டுகளும் இந்த வகையில் சேரும்.

கையில் ஒரு கார்டு இருக்கிறது. காலத்தை எப்படிக் கணிப்பது?

முதலில் பின்பக்கம். செய்திக்கும் முகவரிக்கும் நடுவே கோடு இல்லாமல் முழுப் பக்கமும் முகவரிக்கே என்றால் பொதுவாக 1904-க்கு முந்தையது. கோடு இருந்தால் அதற்குப் பிந்தையது.

அப்புறம் எழுத்து. உக்ரைனிய நெடுங்கணக்கில் 'ґ' என்று சிறு கொம்புள்ள எழுத்து ஒன்று உண்டு. 1933-இல் சோவியத் அரசு அதை நீக்கியது; 1990-இல்தான் திரும்பி வந்தது. கார்டில் அது இருந்தால், சோவியத் உக்ரைனில் அந்த இடைக்காலத்தில் அச்சாகியிருக்க வாய்ப்பில்லை. புலம்பெயர்ந்தவர்கள் அதை விடாமல் பயன்படுத்தினார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அஞ்சல் முத்திரைத் தேதியில் ஒரு சிக்கல். ரஷ்யப் பேரரசு பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது. 20-ஆம் நூற்றாண்டில் அது 13 நாள் பின்தங்கியிருந்தது. கீவிலிருந்து லிவிவுக்குப் போன கார்டில் வந்துசேர்ந்த முத்திரை இரண்டு வாரத்துக்கும் மேல் தள்ளி இருந்தால் அஞ்சல்துறை தாமதம் என்று நினைத்துவிட வேண்டாம்.

கடைசியாகப் பூதக்கண்ணாடி. ஒரே சீரான புள்ளி வலை முழுப் படத்திலும் தெரிந்தால் அது புள்ளி அச்சு. பிற்கால மறுபதிப்பாகவும் இருக்கலாம். ஜ்தாகா கார்டுகளுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) ஒழுங்கற்ற புள்ளிகளும் அடர்த்தியான தனி நிறங்களும் தெரியும்.

எழுதி அனுப்பிய கார்டா, எழுதாத கார்டா? எதை வாங்குவது?

சேகரிப்பவர்கள் பலர் எழுதாததைத்தான் கேட்பார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும். நான் எழுதியதையே சொல்வேன். கார்டை அச்சிட்டது பதிப்பாளர். அதைத் தேர்ந்தெடுத்து, அந்த வரியோடு, அந்த மனிதருக்கு அனுப்பியது யாரோ ஒருவர். முன்பக்கம் உக்ரைனியக் கவிதை, பின்பக்கம் ரஷ்ய மொழியில் நலவிசாரிப்பு என்று நிறையக் கார்டுகள் இருக்கும். ரஷ்ய மொழியில் மட்டுமே எழுதப் படிக்கக் கற்றுத்தந்த பள்ளிக்கூடங்களின் விளைவு அது.

வாங்காமல் பார்க்க வழி உண்டா?

கீவில் தாராஸ் ஷெவ்சென்கோ தேசிய அருங்காட்சியகம், வெர்னாத்ஸ்கி தேசிய நூலகம், லிவிவில் ஸ்தெஃபானிக் நூலகம் ஆகியவற்றில் பெரிய தொகுப்புகள் இருக்கின்றன. நேரில் போக முடியாதவர்கள் இணையத்தில் ஓவியர் பெயரை உக்ரைனிய எழுத்தில் இட்டுத் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் தேடுவதைவிட அதிகம் கிடைக்கும். கிடைத்ததும் படத்தை மட்டும் சேமிக்காமல், கீழே உள்ள வரியைத் தட்டச்சுசெய்து அது எந்தக் கவிதை என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் முழுக் கவிதையும் அகப்படும்.